சம்பளப் பேச்சுவார்த்தையைப் பாட்டில் பகிடி பண்ணினேன். என் வேலைக்கு ஆபத்தா?

ரொறன்ரோப் பெரும்பாகத்தில் பொதுப் பாடசாலை ஒன்றில் நான்காம் வகுப்புக்குப் படிப்பிக்கும் தமிழ் ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

பதினொரு வருடமாக நிரந்தர ஆசிரியை. இதுவரை ஒரு முறைப்பாடும் இல்லை. புதிய கூட்டு ஒப்பந்தத்துக்கான பேச்சுவார்த்தை நடக்கும் நேரத்தில், யூனியனின் உள்ளூர்க் கிளை ஒரு மண்டபத்தில் உறுப்பினர்களுக்காக மாலை நிகழ்ச்சி வைத்தது. அதில் இவர் எல்லோருக்கும் தெரிந்த இரண்டு தமிழ்த் திரைப்பாடல் மெட்டுகளிலும் இரண்டு ஆங்கிலப் பொப் மெட்டுகளிலும் சொந்த வரிகளைப் போட்டு, கரோக்கி இசையோடு பாடினார். முதல் பாட்டு, கல்விச்சபை ‘கிள்ளித் தரும்’ ஒரு வீதச் சம்பள உயர்வைப் பற்றியது. இரண்டாவது, தேத்தண்ணி குடிக்கப் போய்த் தேத்தண்ணியோடு மட்டும் திரும்பி வரும் யூனியன் பேச்சுவார்த்தைக் குழுவைப் பற்றியது. மூன்றாவது, பேச்சுவார்த்தையில் சபையின் பிரதான பேச்சாளரான ஒரு பெண்மணி பேசும் மாதிரியே பாடியது. நான்காவது, வகுப்பில் கதிரை எறியும் ஒரு பிள்ளையோடு படும் பாடு.

மண்டபமே சிரித்தது. தோழி ஒருவர் எடுத்த காணொளி வட்ஸ்அப் குழுவுக்குப் போனது. அங்கிருந்து யாரோ யூரியூப்பில் ஏற்றிவிட்டார்கள். பிறகு மூன்று விடயங்கள் ஒரே வாரத்தில் நடந்தன. இசை நிறுவனம் ஒன்று காணொளிக்கு உரிமை கோரியது. வியாழக்கிழமை ஒரு கூட்டத்துக்கு வரும்படி அதிபர் மின்னஞ்சல் அனுப்பினார். கிளைத் தலைவர் தொலைபேசியில் கோபமாகக் கதைத்தார். “எல்லாவற்றையும் அழி, எல்லோரிடமும் மன்னிப்புக் கேள்” என்கிறார் கணவர். வேலை போகுமா, முப்பது விநாடிக்குக் குறைவாகப் பாவித்தால் பதிப்புரிமைப் பிரச்சினை இல்லைதானே, யூனியன் நிகழ்ச்சியில் பாடியதில் சபை தலையிட முடியுமா, பாடசாலை மடிக்கணினியில் வரிகளை எழுதி வைத்திருக்கிறேனே அதைப் பார்ப்பார்களா, இனிமேல் பாடலாமா என்று கேட்கிறார்.

அன்புள்ள ஆசிரியைக்கு,

முதலில் உங்கள் நித்திரையைக் கெடுக்கும் கேள்விக்குப் பதில். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இந்தப் பாட்டுகளுக்காக நிரந்தர வேலை போகும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் வியாழக்கிழமைக் கூட்டத்தைச் சாதாரணமாக எடுக்க வேண்டாம். அதற்கு முன் செய்ய வேண்டியவை இருக்கின்றன. செய்யக் கூடாத ஒன்றும் இருக்கிறது: எதையும் அழிக்காதீர்கள். யூரியூப் காணொளியை இறக்கும்படி ஏற்றியவரிடம் கேட்கலாம். அது நல்லதும்கூட. ஆனால் முழுக் காணொளியின் பிரதி, வரிகளின் வரைவுகள், வட்ஸ்அப் செய்திகள் எல்லாம் உங்களிடம் பத்திரமாக இருக்கட்டும். விசாரணை வரப்போகிறது என்று தெரிந்த பிறகு அழித்தால், ஒளிக்க ஏதோ இருந்தது என்ற எண்ணத்தைத்தான் அது உண்டாக்கும். அதோடு, வெட்டிய துண்டுகள் சுற்றும்போது முழுப் பாட்டும் உங்களுக்குத்தான் தேவைப்படும்.

இன்னொன்றையும் சொல்லிவிட்டு மேலே போகிறேன். நீங்கள் வெட்கப்படும் தொனியில் எழுதியிருக்கிறீர்கள். தெரிந்த மெட்டில் தங்கள் வரிகளைப் போட்டு மேலதிகாரியைப் பார்த்துச் சிரிப்பது வட அமெரிக்கத் தொழிற்சங்கங்களின் மிகப் பழைய பழக்கம். உலகத் தொழிற்றுறைத் தொழிலாளர் சங்கம் 1909-இலேயே தன் பாட்டுப் புத்தகத்தை வெளியிட்டது. அதில் எழுதிய ஜோ ஹில் தேவாலயப் பாடல் மெட்டுகளில் கூலி உழைப்பைப் பற்றிய நையாண்டி வரிகளைப் போட்டவர். இன்றும் மறியல் வரிசைகளில் பாடப்படும் ‘சொலிடாரிற்றி ஃபொரெவர்’ 1915-இல் எழுதப்பட்டது. அதன் மெட்டு அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்து அணிவகுப்புப் பாட்டிலிருந்து வந்தது. மெட்டு ஏற்கனவே தெரிந்திருந்தால்தான் முந்நூறு பேர் ஒத்திகை இல்லாமல் சேர்ந்து பாட முடியும். மாதக்கணக்கில் இழுபடும் பேச்சுவார்த்தையில் உறுப்பினர்கள் சோர்ந்து போகாமல் இருக்க இப்படிப்பட்ட மாலைகள் உதவுகின்றன. இதை நான் மனதார மதிக்கிறேன். ஆகவே கேட்க வேண்டியது, நான்கு பாட்டுகளில் எது யாரைத் தொட்டது என்பதுதான்.

நான்கு பாட்டும் ஒன்றல்ல

சம்பளப் பாட்டில் ஒரு சின்னத் திருத்தம். ஒன்ராறியோவில் 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆசிரியர் பேச்சுவார்த்தை இரண்டு மேசைகளில் நடக்கிறது. சம்பளம் போன்ற பெரிய விடயங்கள் மாகாணம் முழுவதற்குமான மத்திய மேசையில் பேசப்படுகின்றன. அங்கே மாகாண அரசும் பங்கெடுக்கிறது. உங்கள் சபையோடு நடக்கும் உள்ளூர் மேசையில் மிச்சமிருப்பவைதான் பேசப்படுகின்றன. நீங்கள் பாடிய அந்தப் பழைய ‘ஒரு வீதம்’ சபை கிள்ளித் தந்ததல்ல. 2019-இல் மாகாணம் கொண்டுவந்த 124-ஆம் இலக்கச் சட்டம், மூன்று வருட காலத்துக்கு ஆண்டுக்கு 1 வீதத்துக்கு மேல் சம்பளம் கூடக்கூடாது என்று கட்டிப்போட்டது. 2022 நவம்பரில் நீதிமன்றம் அதை அரசியலமைப்புக்கு முரணானது என்றது. 2024 பெப்ரவரியில், யூனியன் ஊழியர்களைப் பொறுத்தவரை அது முரணானதுதான் என்று மேன்முறையீட்டு நீதிமன்றமும் சொன்னது. பிறகு மாகாணம் அந்தச் சட்டத்தை விலக்கிக்கொண்டது. அதற்கு முன் 2012-இல் ஆசிரியர் பேச்சுவார்த்தையில் கைவைத்த 115-ஆம் இலக்கச் சட்டத்துக்கும் 2016-இல் நீதிமன்றத்தில் அதே கதிதான். ஆசிரியர்களின் கோபத்துக்கு நியாயம் இருந்தது என்பதை நீதிமன்றங்களே எழுதி வைத்திருக்கின்றன.

இந்தத் திருத்தத்தை ஏன் சொல்கிறேன் என்றால், பொது விடயம் ஒன்றைப் பற்றி நேர்மையான கருத்துச் சொன்னேன் என்ற பாதுகாப்பு உண்மையான தகவலின் மேல்தான் நிற்கும். 2008-இல் டபிள்யூ.ஐ.சி. வானொலி வழக்கில் கனடிய உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. கருத்து கடுமையாக இருக்கலாம், மிகைப்படுத்தலாக இருக்கலாம். ஆனால் அடிப்படைத் தகவல் உண்மையாக இருக்க வேண்டும். ஒருவர் நேர்மையாக அப்படி நினைக்கக் கூடியதாகவும், வன்மமில்லாமல் சொன்னதாகவும் இருக்க வேண்டும். மாகாணம் செய்ததைச் சபையின் தலையில் போட்டதால் யாரும் உங்கள்மேல் அவதூறு வழக்குப் போடப் போவதில்லை. அடுத்த முறை வரியைச் சரியான ஆளை நோக்கித் திருப்பினால் பாட்டும் கூர்மையாகும், நீங்களும் பத்திரமாக இருப்பீர்கள்.

தேத்தண்ணிப் பாட்டு உங்கள் உரிமை. தன் யூனியனை விமர்சிக்க உறுப்பினருக்கு முழு உரிமை உண்டு, சிரித்து விமர்சிக்கவும் உண்டு. கிளைத் தலைவருடைய கோபத்தின் உண்மையான காரணம் வேறு என்று நினைக்கிறேன். உறுப்பினர்களுக்கு மட்டும் மூடிய கூட்டத்தில் சொல்லப்பட்ட ஓர் எண்ணிக்கையை நீங்கள் பல்லவியிலேயே வைத்திருக்கிறீர்கள். மேசையில் இன்னும் முடிவாகாத எண் யூரியூப்பில் வந்தால், எதிர்த் தரப்புக்கு உங்கள் குழு எங்கே இறங்கி வரும் என்று தெரிந்துவிடும். அது உங்கள் சக ஆசிரியர்களுக்கே இழப்பு. இதற்கு மட்டும் தலைவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேளுங்கள்.

கூடவே, ஆசிரியத் தொழில் சட்டத்தின் கீழான ஒழுங்குவிதியில் 18-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. சக உறுப்பினர் ஒருவரைப் பற்றிப் பாதகமான அறிக்கை கொடுத்தால், மூன்று நாட்களுக்குள் அதை எழுத்தில் அவருக்குத் தரவேண்டும் என்கிறது. மேடைப் பாட்டு ஒன்று ‘அறிக்கை’ ஆகாது என்பது என் கருத்து. இருந்தும் பேச்சுவார்த்தைக் குழுவில் இருப்பவர்களும் ஆசிரியர்களே என்பதால் தனிப் பெயர்களைத் தவிர்ப்பது நல்லது.

மூன்றாவது பாட்டில் நான் உங்கள் பக்கம் இல்லை. அந்தப் பெண்மணி சொன்ன கருத்தைப் பகிடி பண்ணியிருந்தால் எனக்கு மறுப்பில்லை. நீங்கள் பகிடி பண்ணியது அவருடைய உச்சரிப்பை. அவரும் வேறொரு நாட்டிலிருந்து வந்தவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒன்ராறியோவின் மனித உரிமைகள் கோவை பிறந்த இடம், இனம் ஆகியவற்றின் பேரில் வேலையிடத்தில் நடக்கும் தொந்தரவைத் தடை செய்கிறது. உச்சரிப்பைக் கேலி செய்வது அந்த வேலிக்குள் எளிதாக வந்துவிடும். அவர் உங்கள் பாடசாலையில் இல்லாவிட்டாலும் அதே சபையின் ஊழியர்தான். சட்டத்தை விடுங்கள். நேர்முகத் தேர்வில் வாய் திறந்ததும் எதிரே இருப்பவரின் முகம் மாறுவதை எங்கள் ஆட்கள் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்! யாரும் கேட்கும் முன் நீங்களாகவே அவருக்கு மன்னிப்பு எழுதுங்கள். எழுதிய வரைவை அனுப்பும் முன் யூனியன் அலுவலரிடம் காட்டுங்கள்.

நான்காவதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. பிள்ளையின் பெயர் இல்லை என்கிறீர்கள். ஆனால் நான்காம் வகுப்பு, கதிரை எறிந்தது, எந்த மாதம் என்பது எல்லாம் பாட்டில் இருக்கிறது. அந்தப் பாடசாலையின் ஒவ்வொரு பெற்றோருக்கும் அது யார் என்று தெரியும். பிள்ளைக்கும் தெரியும். மாணவர் பற்றிய தகவலைக் காப்பது கல்விச் சட்டத்தின்படியும் ஆசிரியர்களுக்கு உரிமம் கொடுத்து ஒழுக்கத்தைக் கண்காணிக்கும் அமைப்பான ஒன்ராறியோ ஆசிரியர் கல்லூரியின் விதிகளின்படியும் உங்கள் கடமை. வேலை நேரத்துக்கு வெளியே நடந்தது என்ற பதில் இங்கே முழுமையாக உதவாது. 1996-இல் நியூ பிரன்ஸ்விக் ஆசிரியர் ரொஸ் வழக்கில் கனடிய உச்ச நீதிமன்றம், வகுப்பறைக்கு வெளியே ஆசிரியர் செய்வதும் பாடசாலைச் சூழலைப் பாதித்தால் கணக்கில் எடுக்கப்படும் என்றது. அவர் யூதர்களுக்கு எதிராக எழுதி வெளியிட்டவர், உங்கள் விடயம் அதன் கிட்டவும் வராது. ஆனால் அந்தத் தத்துவம் உங்களுக்கும் பொருந்தும். வகுப்பறை வன்முறை உண்மையான பிரச்சினை, அதை மேசைக்குக் கொண்டுபோக வேண்டும், பாட்டிலும் சொல்லலாம். அதைச் சொல்ல ஒரு குறிப்பிட்ட பிள்ளை தேவையில்லை. பெற்றோரை நீங்களாக அழைத்துக் கதைக்க வேண்டாம். அது அதிபர் மூலம், யூனியன் ஆலோசனையோடு நடக்கட்டும்.

வியாழக்கிழமைக் கூட்டம்

கூட்டத்துக்குப் போகாமல் விடாதீர்கள். போகாவிட்டால் அதுவே தனிக் குற்றமாகும். முதலில் அதிபருக்கு மரியாதையான ஒரு மின்னஞ்சல்: கூட்டம் எதைப் பற்றியது, ஒழுங்கு நடவடிக்கைக்கு வழி வகுக்கக் கூடியதா, யூனியன் பிரதிநிதியோடு வருகிறேன். பிரதிநிதியைக் கூட்டிப்போகும் உரிமை உங்கள் கூட்டு ஒப்பந்தத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள். பிரதிநிதிக்கு அந்த நாள் வசதிப்படாவிட்டால் வேறு நாள் கேட்கலாம். கூட்டத்தில் கேட்டதற்கு உண்மையாக, சுருக்கமாகப் பதில் சொல்லுங்கள். கேட்காததை விளக்கப் போக வேண்டாம். பிரதிநிதி குறிப்பு எடுக்கட்டும்.

கிளைத் தலைவர் கோபமாக இருக்கிறாரே, அவர் உதவுவாரா என்று பயப்படுகிறீர்கள். தொழில் உறவுகள் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி யூனியன் தன் உறுப்பினரைப் பிரதிநிதித்துவம் செய்வதில் மனம்போன போக்கிலோ பாரபட்சமாகவோ கெட்ட எண்ணத்தோடோ நடக்கக் கூடாது. பாட்டில் சீண்டினார் என்பதற்காக உங்களைக் கைவிட முடியாது. தயக்கம் தெரிந்தால் நேரே மாகாண அலுவலகத்தின் உறுப்பினர் ஆலோசனைப் பிரிவை அழையுங்கள்.

‘யூனியன் நிகழ்ச்சி, சபை தலையிட முடியாது’ என்பது பாதி சரி. யூனியன் விடயங்களில் முதலாளி தலையிடுவதையும், யூனியனில் ஈடுபட்டதற்காக ஒருவரைத் தண்டிப்பதையும் அதே சட்டத்தின் 70-ஆம், 72-ஆம் பிரிவுகள் தடுக்கின்றன. முதல் இரண்டு பாட்டுகளுக்காகச் சபை உங்கள்மேல் கை வைத்தால் யூனியனுக்கு வலுவான வழக்கு இருக்கும். பிரிட்டிஷ் கொலம்பியாவில், வகுப்பு அளவு பற்றிய தகவலைப் பெற்றோருக்குச் சொல்ல ஆசிரியர்களுக்குக் கருத்துச் சுதந்திரம் உண்டு என்று அந்த மாகாணத்து மேன்முறையீட்டு நீதிமன்றம் 2005-இலேயே ஏற்றது. அரசோடு முரண்படும் தொழிற்பிணக்கின் நடுவில் பேசியதும் அந்தச் சுதந்திரத்துக்குள் அடங்கும் என்பது உங்களுக்குப் பெரிய பலம். ஆனால் மூன்றாம், நான்காம் பாட்டுகளை யூனியன் கூடாரத்துக்குள் வைத்து மறைக்க முடியாது.

எது நடந்தாலும் நடவடிக்கைக்குத் தகுந்த காரணம் வேண்டும், தவறுக்கு ஏற்ற அளவும் வேண்டும். பதினொரு வருடச் சுத்தமான பதிவு, உடனே கேட்ட மன்னிப்பு இரண்டும் நடுவர் முன் எடைபோடும். ஓர் எச்சரிக்கைக் கடிதம் வரலாம். அதுவும் நியாயமற்றது என்று தோன்றினால் யூனியன் கிரீவன்ஸ், அதாவது கூட்டு ஒப்பந்தத்தின் கீழான முறைப்பாடு, போடலாம். அதற்கான காலக்கெடு பெரும்பாலும் மிகக் குறுகியது. கடிதம் கையில் கிடைத்த அன்றே பிரதிநிதிக்குத் தெரிவியுங்கள்.

மடிக்கணினி பற்றி. 2024 ஜூன் 21-இல் யோர்க் பிராந்தியக் கல்விச்சபை வழக்கில் கனடிய உச்ச நீதிமன்றம் மிக முக்கியமான தீர்ப்புக் கொடுத்தது. இரண்டு ஆசிரியைகள் வேலையிடக் கவலைகளைத் தங்கள் சொந்தக் கூகிள் கணக்கில் குறிப்பெழுதி வைத்திருந்தார்கள். வகுப்பறையில் திறந்து கிடந்த கணினியில் அதிபர் அதைப் பார்த்துப் படம் பிடித்தார். அதை வைத்து அவர்களுக்குக் கண்டனம் எழுதப்பட்டது. ஒன்ராறியோவின் பொதுக் கல்விச்சபைகளுக்கு உரிமைகள் சாசனம் பொருந்தும், நியாயமற்ற தேடுதலிலிருந்து ஆசிரியர்களுக்கு வேலையிடத்திலும் பாதுகாப்பு உண்டு என்றது நீதிமன்றம். உங்கள் நிலை சற்றுப் பலவீனமானது. கணினி மட்டுமல்ல, கணக்கும் பாடசாலையுடையது. சபையால் அங்கே கூடுதலாகப் பார்க்க முடியும். இனிமேல் யூனியன் தொடர்பான எதையும் சொந்தக் கணக்கில், சொந்தக் கருவியில் எழுதுங்கள். ஏற்கனவே இருப்பதை இப்போது அழிக்க வேண்டாம்.

மெட்டு யாருடையது?

முப்பது விநாடி விதி என்று ஒன்று கனடாவில் கிடையாது, வேறெங்கும் நான் கண்டதில்லை. ஆனால் உங்களுக்குச் சாதகமான உண்மையான விதி ஒன்று உண்டு. அதுவும் ஒரு யூனியன் கதையின் பிறகு வந்தது. நோவா ஸ்கோஷியாவில் மிஷெலின் டயர் ஆலைத் தொழிலாளர்களைச் சேர்க்க முயன்ற கார்த் தொழிலாளர் யூனியன், அந்த நிறுவனத்தின் டயர்ப் பொம்மை ஒரு தொழிலாளியை மிதிக்கக் காலைத் தூக்குவதுபோல் துண்டுப்பிரசுரம் அடித்தது. நிறுவனம் வழக்குப் போட்டது. 1996-இல் நீதிபதி, நையாண்டிக்குப் பதிப்புரிமைச் சட்டத்தில் இடமில்லை என்று யூனியனுக்கு எதிராகத் தீர்த்தார். 2012-இல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, அனுமதி இல்லாமல் பாவிக்க விடும் ‘நியாயமான பாவனை’க்குரிய நோக்கங்களில் பரடியையும் (மூலத்தைப் போலவே செய்து கேலி பண்ணுவது) நையாண்டியையும் வெளிப்படையாகச் சேர்த்தது. இந்தியத் திரைப்பாடல்களுக்கும் சர்வதேச உடன்படிக்கையால் கனடாவில் பாதுகாப்பு உண்டு. ஆகவே நான்கு பாட்டுக்கும் இந்த அளவுகோல்தான்.

நோக்கம் நையாண்டி என்றால் மட்டும் போதாது, பாவனை நியாயமாகவும் இருக்க வேண்டும். எவ்வளவு எடுத்தீர்கள், வேறு வழி இருந்ததா, மூலப் பாட்டின் சந்தைக்குப் பாதிப்பா என்றெல்லாம் நீதிமன்றம் பார்க்கும். நீங்கள் காசு வாங்கவில்லை, வரிகள் முழுக்க உங்களுடையவை, உங்கள் பாட்டைக் கேட்டுவிட்டு மூலப் பாட்டைக் கேட்காமல் விடுவார் யாருமில்லை. இவை நல்ல பக்கம். கரோக்கிப் பதிவைப் பாவித்ததுதான் பலவீனம். மெட்டு ஒருவருடைய உரிமை, அந்த ஒலிப்பதிவு இன்னொருவருடைய உரிமை. ஒரு ஆர்மோனியத்தோடு பாடியிருந்தால் இரண்டாவது பிரச்சினையே எழுந்திராது. யூரியூப்பின் தானியங்கி முறையும் பெரும்பாலும் அந்தப் பதிவைத்தான் பிடித்திருக்கும். மண்டபத்துக்கு இசை அனுமதி இருந்திருந்தாலும் அது மேடையில் இசைப்பதற்குத்தான், இணையத்தில் ஏற்றுவதற்கு அல்ல.

யூரியூப்பில் வந்த உரிமைக் கோரிக்கை வழக்கு அல்ல. காணொளியை ஏற்றியவர் இறக்கிவிட்டால் பெரும்பாலும் அதோடு முடியும். நீங்கள் எதிர்த்து மறுப்புப் போட வேண்டாம். அது கணக்கு வைத்திருப்பவரின் விடயம், சட்டப் பொறுப்போடு செய்யும் அறிவிப்பும்கூட. ஒருவேளை வழக்கு என்று வந்தாலும், வணிக நோக்கமற்ற மீறலுக்குச் சட்டத்தில் குறித்த நட்டஈடு மொத்தமாக 100 டொலரிலிருந்து 5,000 டொலர் வரைதான். வீட்டை விற்க வேண்டி வருமோ என்ற உங்கள் பயத்தை விட்டுவிடலாம்.

‘எல்லோரிடமும் மன்னிப்பு’ என்ற உங்கள் கணவரின் யோசனை அன்பினால் வந்தது. ஆனால் எல்லோரிடமும் கேட்டால், செய்யாத தவறையும் ஒப்புக்கொண்டதாக ஆகும். தலைவரிடம் அந்த எண்ணிக்கைக்காக, பேச்சாளரிடம் உச்சரிப்புக்காக. பிள்ளையின் குடும்பத்துக்கு, வழி சொல்லப்பட்ட பிறகு. சம்பளப் பாட்டுக்காக யாரிடமும் வேண்டாம்.

இனிப் பாடலாமா என்று கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். பாடுங்கள். 2022-இல் தொடங்கிய ஒப்பந்தத்தின் முடிவு நாள் 2026 ஆகஸ்ட் 31. புதியது கையெழுத்தாகும் வரை உங்கள் சக ஆசிரியர்களுக்கு இன்னும் மாலைகள் தேவைப்படும். முதல் பாட்டில் மாகாணத்தைக் கொண்டுவாருங்கள், இரண்டாவதில் எண்ணை எடுத்துவிடுங்கள், மற்ற இரண்டையும் புதிதாக எழுதுங்கள். படம் பிடிக்க வேண்டாம் என்று தொடக்கத்திலேயே மேடையிலிருந்து சொல்லுங்கள். வியாழக்கிழமைக்குப் பிறகு ஏதாவது கடிதம் வந்தால், அதையும் உங்கள் கூட்டு ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொண்டு நேரில் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். நான் இங்கே சொன்னது உங்கள் கடிதத்தை மட்டும் வைத்துத்தான்.